கட்டுமானத்தின் கரிக்கணக்கு: பழி சிமெண்ட் மீதா, வரைபடத்தின் மீதா?

தூக்குக்குண்டு:

"சிமெண்டுக்கு மாற்று என்ன?" என்று கேட்டு அடிக்கடி இழைகள் தொடங்குகின்றன. பத்துப் பதிவுக்குள் மூங்கில், சணல், காளான் செங்கல் என்று போய் அப்படியே அடங்கிவிடுகின்றன. நான் கட்டமைப்புப் பொறியாளன். கான்கிரீட்டும் கம்பியும்தான் என் பிழைப்பு. என் வாதம் வேறு. கட்டுமானம் சூழலுக்குச் செய்யும் கேட்டில் பெரும்பங்கு, முதல் மணல் லாரி வருவதற்கு முன்பே வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2022 அறிக்கைப்படி, ஆற்றல் பயன்பாட்டாலும் தொழில் செயல்முறைகளாலும் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 37% கட்டடங்களையும் கட்டுமானத்தையும் சேர்ந்தது. இதில் பெரும்பகுதி குடியேறிய பிறகு விளக்குக்கும் குளிரூட்டலுக்கும் சூடேற்றலுக்கும் போகிறது. மின்சாரம் தூய்மையாகத் தூய்மையாக அந்தப் பகுதி குறையும். பொருட்களில் புதைந்திருக்கும் பகுதி அப்படிக் குறையாது. தளம் போட்ட அன்றே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

சிமெண்டின் சங்கடம் அடுப்பில் மட்டும் இல்லை, கல்லிலேயே இருக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளைக்குச் சூரிய சக்தியே கொடுத்தாலும் இந்த 44 கிலோ குறையாது. சிமெண்ட் உமிழ்வில் ஏறக்குறைய 60% இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான். ஆண்டுக்கு 400 கோடி டன் சிமெண்ட் தயாரிக்கும் உலகில் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்தச் சிமெண்டையும் எஃகையும் என்ன செய்கிறோம்? 2014இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 23 கட்டடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எஃகு உத்தரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஒவ்வொன்றும் தன் தாங்குதிறனில் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை. பாதுகாப்புக் காரணிகளை எல்லாம் சேர்த்த பிறகு வந்த கணக்கு இது. காரணத்தை என் மேசையிலிருந்தே சொல்கிறேன். பத்து உத்தரங்களில் அதிகச் சுமை வரும் ஒன்றைக் கணக்கிட்டு, மீதி ஒன்பதுக்கும் அதே அளவைப் போட்டுவிடுவோம். நேரம் மிச்சம், வரைபடம் சுத்தமாக இருக்கும், கடையிலும் ஒரே அளவாக வாங்கலாம். தேவைக்கு மேல் எஃகு போட்டதற்காக எந்தப் பொறியாளரையும் யாரும் நீதிமன்றத்துக்கு இழுத்ததில்லை.

மாற்றுப் பொருள் தேடுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் தேவையில்லாமல் ஊற்றுவதை நிறுத்தலாம் அல்லவா?

---

கரணை:

ஐயா, நான் தள மேற்பார்வையாளன். காகிதத்தில்தான் எல்லாம் நடக்கிறது என்கிறீர்கள். ஒரு நாள் மதியம் ரெடிமிக்ஸ் லாரிக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.

வரைபடத்தில் நீர்–சிமெண்ட் விகிதம் 0.50 என்று எழுதியிருப்பீர்கள். லாரி போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வரும். வெயிலில் கலவை இறுகத் தொடங்கியிருக்கும். கம்பி நெருக்கமாகக் கட்டியிருக்கும் தூணில் அது இறங்காது. கலவையின் இளக்கத்தைக் கூம்பு வைத்துச் சோதிக்கும் பையன் எழுதி வைத்த எண் ஒன்று, குழாயிலிருந்து வந்து விழுவது வேறு. கொத்தனார் ஓட்டுநரைப் பார்த்துக் கையை ஆட்டுவார், ஓட்டுநர் தண்ணீரைத் திறப்பார். இதில் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட், 175 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக 20 லிட்டர் விட்டால் விகிதம் 0.56ஐத் தொடும். வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும். இது கலவை ஆலைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆகவே நீங்கள் 30 மெகாபாஸ்கல் வலிமை கேட்டால் அவர்கள் 38ஐக் குறிவைத்துச் சிமெண்ட் போடுகிறார்கள். தரம் ஏறி இறங்கும் இடத்தில் அந்த இடைவெளி இன்னும் பெரிது. ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பாமல் ஒரு கை சிமெண்ட் கூடுதலாகப் போட்டால், கடைசியில் தளம் முழுவதும் அவநம்பிக்கைதான் உறைந்து கிடக்கிறது.

இளக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் தண்ணீர் இல்லாமலே கலவை ஓடும். கன மீட்டருக்குச் சில கிலோ போதும். ஆனால் அதை அளந்து ஊற்றத் தெரிந்தவர் லாரிப் பக்கத்தில் இருக்க வேண்டுமே? பொறியாளர் அலுவலகத்தில் இருக்கிறார், நான் மூன்றாவது மாடியில் பலகை பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மீந்த கான்கிரீட் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்துவிடக் கூடாது என்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியனுப்புவோம். மீந்தது எங்காவது மூலையில் கொட்டப்பட்டு, லாரி கழுவிய தண்ணீரோடு மண்ணில் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் தோலை அரிக்கும் அளவுக்குக் காரம். வடிகாலில் போனால் மீன் தாங்காது.

---

மணற்குன்று:

இரண்டு பதிவிலும் கார்பன், கார்பன். கட்டுமானம் ஆற்றைத் தின்கிறது என்பதை யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கிறது. இதுவும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குதான். தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதன் அதிகம் எடுக்கும் பொருள் இது. பாலைவனத்தில் மணலுக்குப் பஞ்சமா என்று கேட்பவர்களுக்கு: காற்று உருட்டிய மணல் மிக நுண்ணியது, உருண்டையானது. அதைக் கலவையில் போடுவது கோலிக்குண்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்புவதற்குச் சமம். கடல் மணலில் உப்பு. நன்றாகக் கழுவாமல் போட்டால் கம்பி துருப்பிடித்து, வீங்கி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். ஆகவே எல்லாருடைய கையும் ஆற்றுக்குத்தான் போகிறது.

ஆற்றுப் படுகையில் மணலை எடுத்தால் குழி மட்டும் விழுவதில்லை. படுகை தாழ்கிறது, நீர்மட்டம் அதோடு தாழ்கிறது, கரையோரக் கிணறு வற்றுகிறது, பாலத்தின் அடித்தளம் வெளியே தெரிகிறது. கடலுக்கு அருகில் என்றால் உப்புநீர் உள்ளே ஏறி வரும். வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் இது எல்லாமே நடக்கிறது. மேலே அணைகள் வண்டலைத் தடுக்கின்றன, கீழே படகுகள் மணலை அள்ளுகின்றன, இடையில் கரையோர வீடுகள் ஆற்றில் சரிகின்றன. கடலைத் தூர்த்து நிலத்தை விரிக்கும் சிங்கப்பூருக்கு மணல் விற்று வந்த இந்தோனேசியா 2007இல் ஏற்றுமதியைத் தடை செய்தது, கம்போடியா 2017இல். ஒரு நாட்டின் நிலப்பரப்பு கூடுவது இன்னொரு நாட்டின் கடற்கரையிலிருந்து என்று ஆகிவிட்டது.

எம்-சாண்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆற்றுக்கு நல்லதுதான். ஆனால் அது மலையை உடைத்து வருவது. கல் அரைவையில் எழும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. கார்பன் கணக்கில் இந்தத் தூசுக்கு ஒரு வரிகூட இல்லை.

---

நாலுசுவர்:

எல்லாரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். ஒரு கேள்வி. வீடே இல்லாதவரிடம் போய் இதைச் சொல்வீர்களா?

2011 முதல் 2013 வரையான மூன்றே ஆண்டுகளில் சீனா பயன்படுத்திய சிமெண்ட், 20ஆம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்கா பயன்படுத்தியதைவிட அதிகம். இதைப் பலரும் குற்றப்பத்திரிகை போல வாசிக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. பல கோடிப் பேருக்குக் குழாய்த் தண்ணீர், கழிவறை, சேறாகாத சாலை, மழையில் ஒழுகாத கூரை. கட்டி முடித்த நாடுகள் கை கழுவிவிட்டு வந்து, இப்போதுதான் கட்டத் தொடங்கும் நாடுகளிடம் "பூமி தாங்காது, பார்த்துக் கட்டுங்கள்" என்கின்றன. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நகரங்கள் இனிமேல்தான் வளரப்போகின்றன. அவர்களை மண் குடிசையில் இருக்கச் சொல்லி மேடையில் பேசுபவர் பெரும்பாலும் கான்கிரீட் அரங்கில் நின்றுதான் பேசுகிறார்.

---

தூக்குக்குண்டு:

நாலுசுவர், கட்டாதீர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? ஒரே சிமெண்டில் ஒன்றரை வீடு கட்டலாம் என்கிறேன். வீடு இல்லாதவருக்குத்தான் அந்தப் பாதி வீடு முதலில் வேண்டும்.

கரணை சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தூணில் கலவை இறங்காத அளவுக்குக் கம்பியை நெருக்கிக் கட்டச் சொன்னது யார்? வரைபடம்தானே? அங்கே 20 மி.மீ. ஜல்லிக்குப் பதிலாக 10 மி.மீ. என்று எழுதவும், கம்பி இணைப்புகளை ஒரே மட்டத்தில் குவிக்காமல் மாற்றி மாற்றி வைக்கவும் எனக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாததால் உங்கள் கொத்தனார் கையை ஆட்டுகிறார்.

மணற்குன்று, நீங்கள் சொன்னது தனி இழைக்கே தகும். தளத்தின் கனத்தை 200 மி.மீ.யிலிருந்து 160க்குக் கொண்டுவந்தால் மணலும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

---

செம்மண்:

மண் குடிசை என்று ஏளனமாகச் சொன்னதால் வருகிறேன். ஏமனில் ஷிபாம் என்ற ஊர் இருக்கிறது. சுடாத மண் செங்கல்லால் எழுப்பிய பல மாடி வீடுகள், பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்றும் அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். 1982இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மண் சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்தும், இடித்தால் மீண்டும் மண்ணாகும். மரத்திலும் இன்று உயரக் கட்டுகிறார்கள். நார்வேயின் மியோஸ்டோர்னெட் 85 மீட்டர், 18 மாடி, 2019இல் முடிந்தது. மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கார்பன் உத்தரமாக உள்ளேயே இருக்கிறது. ஆசை இருந்தால் வழி இருக்கிறது.

---

கருங்கல்:

செம்மண் அவர்களே, ஷிபாமுக்கு வணக்கம். ஆனால் இன்று "மண் வீடு" என்று விற்கப்படுவது பெரும்பாலும் அது இல்லை.

மழையில் கரையாமல் இருக்க, இடித்து இறுக்கும் மண்ணில் சிமெண்ட் கலக்கிறார்கள். 8% என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இறுக்கிய மண் கன மீட்டருக்குச் சுமார் 2,000 கிலோ, அதில் சிமெண்ட் 160 கிலோ. சுவர் 300 மி.மீ. கனம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 48 கிலோ. கன மீட்டருக்கு 300 கிலோ சிமெண்ட் போட்ட கான்கிரீட்டில் 150 மி.மீ. சுவர் வார்த்தால் 45 கிலோ. நிறம்தான் செம்மண், சிமெண்ட் அதேதான். சிமெண்ட் கலக்காத மண் சுவர் வேண்டுமென்றால் அகலமான கூரை விளிம்பும் உயரமான கல் அடித்தளமும் ஆண்டுதோறும் பூச்சும் வேண்டும். ஷிபாம் மக்கள் அந்தப் பூச்சைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். பராமரிப்பை ஏற்காமல் பொருளை மட்டும் வாங்க முடியாது.

மியோஸ்டோர்னெட் பற்றியும் ஒன்று. அதன் மேல் மாடித் தளங்கள் கான்கிரீட். மரம் மட்டும் என்றால் கட்டடம் எடை குறைந்து காற்றில் ஆடும், உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே எடைக்காகவே உச்சியில் கான்கிரீட் போட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எது எங்கே வேண்டுமோ அது அங்கே என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் வெட்டிய காட்டில் மறுபடி மரம் நட்டார்களா, ஐம்பது ஆண்டு கழித்து அந்த உத்தரம் மறுபயன்பாட்டுக்குப் போகுமா, அடுப்புக்குப் போகுமா என்பது தெரியாமல் "கார்பனை உள்ளே வைத்திருக்கிறது" என்று வரவு எழுதக் கூடாது.

---

சூளை:

பொருள் ஆய்வில் இருப்பவள். "பசுமைக் கான்கிரீட்" பற்றி யாரும் வெளியே அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எஃகு ஆலையின் உலைக்கசடை அரைத்துச் சிமெண்டுக்குப் பதில் பாதி போட்டால், அந்தக் கட்டடத்தின் கணக்கில் உமிழ்வு சரிபாதிக்கு அருகில் குறையும். விளம்பரப் பலகை வைக்கலாம். ஆனால் உலகில் கிடைக்கும் கசடு, சிமெண்ட் தேவையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, அதுவும் ஏறக்குறைய முழுவதும் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. நீங்கள் கூடுதலாக வாங்கினால் வேறெங்கோ ஒருவர் குறைவாகப் போட்டு, அங்கே கிளிங்கரை, அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு வரும் சிமெண்டின் மூலப்பொருளை, கூட்டுவார். உங்கள் கணக்கு இறங்கும், வளிமண்டலத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இதேபோல் சிமெண்டுக்குப் பதில் போடும் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரி ஆலைகள் மூடப்பட மூடப்படக் குறையும்.

அளவாகவே கிடைக்கும் பொருளை விட்டு, நிறையக் கிடைக்கும் பொருளுக்குப் போக வேண்டும். களிமண் அப்படிப்பட்டது. சாதாரணக் கயோலின் களிமண்ணை 700–850 டிகிரியில் சுட்டால் போதும், கிளிங்கருக்கு வேண்டிய 1,450 தேவையில்லை. களிமண்ணில் கரியமில வாயுவும் அடைபட்டிருக்கவில்லை. கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் 30%, சுடாத சுண்ணாம்புக்கல் 15%, ஜிப்சம் 5% என்பதுதான் எல்சி3 சிமெண்ட். சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து வளர்த்தது. வழக்கமான சிமெண்டைவிட உமிழ்வு 40% வரை குறைவு. இருக்கிற ஆலையிலேயே செய்யலாம்.

மீதிப் பாதிக் கிளிங்கரின் வாயுவைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். நார்வேயில் பிரெவிக் சிமெண்ட் ஆலை 2025இல் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பைத் தொடங்கியது. பிடித்ததைக் கப்பலில் ஏற்றி வட கடலின் அடியில் செலுத்துகிறார்கள். அத்தனை செலவுக்கும் பிறகு அது அந்த ஓர் ஆலையின் உமிழ்வில் சுமார் பாதிதான். இந்த விலையைப் பார்த்த பிறகாவது தூக்குக்குண்டு தளத்தின் கனத்தில் குறைக்கச் சொல்லும் 40 மி.மீ. எவ்வளவு மலிவு என்று புரிய வேண்டும்.

---

நாலுசுவர்:

கான்கிரீட் காலப்போக்கில் கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்று படித்தேனே? அப்படியானால் இத்தனை கவலை எதற்கு?

---

சூளை:

உறிஞ்சுகிறது, உண்மைதான். 1930 முதல் 2013 வரை சுண்ணாம்புக்கல்லிலிருந்து வெளியான வாயுவில் சுமார் 43% இப்படித் திரும்பிப் போனதாக 2016இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எரிபொருள் புகை அந்தக் கணக்கில் சேராது. அதிலும் பெரும்பங்கு மெல்லிய பூச்சுக் கலவையில் நடப்பது. கனமான தூணில் அது மேற்பரப்பிலிருந்து மிக மெதுவாகத்தான் உள்ளே நகரும்.

அப்படி உள்ளே நகர்வது நமக்கு நல்லதும் இல்லை. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. வாயு உள்ளே போகப் போகக் காரம் இறங்கும், கம்பியை எட்டியதும் துரு தொடங்கும். ரோமின் பழைய பாந்தியன் கோயிலின் கான்கிரீட் குவிமாடம் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக நிற்கிறது, அதற்குள் கம்பி இல்லை. நம்முடையதில் இருக்கிறது.

---

கடப்பாரை:

நான் இடிப்புத் தொழில். இதுவரை பேசிய எல்லாரும் கட்டுவதைப் பற்றியே பேசினீர்கள். உங்கள் நூறு ஆண்டுக் கட்டடம் நாற்பது ஆண்டில் என்னிடம் வருகிறது.

என்னிடம் வருபவற்றில் உளுத்துப் போனவை குறைவு. பெரும்பாலானவற்றின் தூண் திடமாக இருக்கும், உடைக்கும்போதே தெரியும். மாடி உயரம் போதவில்லை, நிலத்தின் விலை ஏறிவிட்டது, வாகனம் நிறுத்த இடமில்லை, முகப்பு பழையதாகத் தெரிகிறது, இவைதான் காரணங்கள். நியூயார்க்கில் 270 பார்க் அவென்யூ, 1960இல் முடிந்த 52 மாடிக் கட்டடம். 2012 வாக்கில் முழுவதும் புதுப்பித்துப் பசுமைக் கட்டடச் சான்றிதழில் உச்சமான பிளாட்டினம் வாங்கினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் அதையே தரைமட்டமாக்கி, அதைவிட உயரமாக இன்னொன்று எழுப்பினார்கள். அந்தச் சான்றிதழை எந்தக் குப்பையில் போட்டார்களோ.

இடிபாட்டை ஜல்லியாக்கி மறுபடி கான்கிரீட்டில் போடலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். போடலாம், போடுகிறோம். மலையும் குப்பைமேடும் மிச்சம். ஆனால் கார்பன் இருந்தது சிமெண்டில், ஜல்லியில் இல்லை. பழைய ஜல்லியில் ஒட்டியிருக்கும் காரை தண்ணீரை உறிஞ்சுவதால் புதிய கலவையில் சில நேரம் சிமெண்ட் கூடுதலாகவே கேட்கும். அதுவும் சுத்தமாகப் பிரித்தால்தான். ஜிப்சம் பூச்சு கலந்துவிட்டால் அதிலுள்ள சல்பேட் புதிய கான்கிரீட்டை உப்பவைத்துப் பிளக்கும். ஒரு சுவரைச் சுரண்டிப் பார்த்தால் செங்கல், காரை, ஜிப்சம், பசை, ஓடு, வண்ணம் என்று ஆறு அடுக்கு, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியபடி. திருகாணியில் மாட்டியதை நான் கழற்றி விற்பேன். பசையில் ஒட்டியதைக் குழியில்தான் போட வேண்டும். பழைய கட்டடம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் வேறு, அதற்குத் தனி உடை, தனிக் குழி. அமெரிக்காவில் 2018இல் கட்டட, இடிப்புக் கழிவு 60 கோடி டன், வீட்டுக் குப்பையைப் போல இரு மடங்குக்கும் மேல். அதில் 90%க்கு மேல் இடிப்பிலிருந்து வந்தது.

இடிக்காமல் செய்ய முடியாதா? பிரான்ஸில் போர்தோ நகரில் 1960களின் குடியிருப்பு, 530 வீடுகள். லகத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்களும் கூட்டாளிகளும் பழைய முகப்பை அகற்றி, வெளியே அகலமான மாடங்களைச் சேர்த்து வீடுகளைப் பெரிதாக்கினார்கள். குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவே இல்லை. அவ்விருவருக்கும் 2021இல் கட்டடக்கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. என் தொழிலுக்கு அவர்கள் எதிரிகள், ஆனாலும் சொல்கிறேன்.

---

நாலுசுவர்:

கடப்பாரை அண்ணா சொன்னது எனக்கு ஏற்புடையது. ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. பல இடங்களில் வடிவமைப்பவரின் கட்டணம் கட்டுமானச் செலவில் இத்தனை விழுக்காடு என்றுதானே இருக்கிறது? எஃகைக் குறைக்கக் கூடுதலாக உழைத்தால் அவருடைய கட்டணமே குறையும். யார் செய்வார்?

---

தூக்குக்குண்டு:

சரியான இடத்தைத் தொட்டீர்கள். நல்ல மனதை நம்பி இது நடக்காது, விதி வேண்டும். டென்மார்க் 2023இலிருந்து, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 12 கிலோ கரியமில வாயு என்று வரம்பு வைத்தது. பொருட்களுக்கும் பயன்பாட்டுக்கும் சேர்த்து 50 ஆண்டுக்குக் கணக்கிட வேண்டும். 2025இல் அதை இன்னும் இறுக்கினார்கள். பிரான்ஸ் 2022இலிருந்து படிப்படியாக இறுகும் வரம்போடு வந்தது. வரம்பு வந்த பிறகு உரிமையாளரே பொறியாளரிடம் "ஏன் இவ்வளவு கனம்?" என்று கேட்கத் தொடங்குவார்.

விதி வராத இடத்தில் குறைந்தபட்சம் கட்டணத்தைச் செலவிலிருந்து பிரித்து, பரப்பளவுக்கு இவ்வளவு என்று பேசலாம். நான் அப்படித்தான் பேசுகிறேன். ஒப்புக்கொள்பவர்கள் குறைவுதான்.

---

கரணை:

ஐயா, விதியெல்லாம் வரட்டும். நாளைக்கு எனக்கு உதவும்படி ஒன்று சொல்லுங்கள். கசடோ சுட்ட களிமண்ணோ, எதைக் கலந்தாலும் தொடக்கத்தில் மெதுவாகத்தான் இறுகுகிறது. ஒப்பந்தத்தில் 28 நாள் வலிமை, அதாவது வார்த்த 28ஆம் நாளில் எட்ட வேண்டிய வலிமை, என்று இருக்கிறது. அதை எட்டுவதற்காகவே ஆலை சிமெண்டைக் கூட்டுகிறது. 56 நாள் என்று மாற்றினால் நான் பலகையை எப்போது பிரிப்பது? அடுத்த மாடிக்கு அந்தப் பலகைதானே வேண்டும்?

---

தூக்குக்குண்டு:

தளத்துக்கும் உத்தரத்துக்கும் மாற்ற வேண்டாம், அவற்றுக்குச் சீக்கிரம் வலிமை வேண்டும். அடித்தளத்துக்கு மட்டும் மாற்றுங்கள். அடித்தளத்தின் மேல் முழுச்சுமை ஏற மாதக்கணக்கில் ஆகும், பக்கப்பலகை தவிரப் பிரிக்கவும் ஒன்றுமில்லை. கனமான அடித்தளத்தில் மெதுவாக இறுகும் கலவை வெப்பத்தையும் குறைவாக வெளியிடும், விரிசலும் குறையும். வரைபடக் குறிப்பில் "அடித்தளக் கான்கிரீட்: வலிமை 56 நாளில்" என்று ஒரு வரி போதும். உங்கள் பொறியாளர் கையெழுத்திட வேண்டும், நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

---

கரணை:

அடித்தளம் என்றால் சரி, கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் உடைத்து வலிமை பார்க்கும் மாதிரிக் கட்டிகளை 56 நாள் ஊறப்போடத் தொட்டியில் இடம் வேண்டும், இப்போதே நிரம்பி வழிகிறது. 7, 28 நாட்களில் உடைப்பதற்கும் அதே அளவு மாதிரி எடுக்க வேண்டுமா, இல்லை குறைத்துக்கொள்ளலாமா?

---

சூளை:

குறைக்காதீர்கள். 28 நாளில் வரும் எண்தான் 56இல் எட்டுமா என்பதை முன்கூட்டியே காட்டும், குறைந்தால் மேலே எழுப்புவதற்கு முன் தெரிந்துவிடும். இடமில்லை என்றால் 150 மி.மீ. அச்சுக்குப் பதில் 100 மி.மீ. அச்சு எடுங்கள். ஜல்லி 20 மி.மீ.க்கு மேல் இல்லாதவரை பல தரவிதிகள் அதை ஏற்கின்றன. உங்கள் ஒப்பந்தம் எந்த விதியைச் சொல்கிறது?